ஆடிக்காற்றுக்காரி தாமதமாக வருகிறாள்

இன்னும் கொல்லவில்லை. எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. அவ்வளவுதான்.

நம் நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பதிப்பாளர் நாளைக்குக் கேட்டிருக்கிறார். அதில் ஆடிக்காற்றுக்காரி சாகிறாள். நான்கு மந்திரக்காரிகளில் உனக்கு மிகவும் பிடித்தவள்.

இன்று காப்புக்கட்டு. பொங்கலுக்கு முதல் நாள். அம்மா வாசலில் உட்கார்ந்து வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துச் சிறு கொத்துகளாகக் கட்டுகிறாள். அந்தக் கசப்பு வாசனை ஜன்னல் வழியாக மேசை வரைக்கும் வருகிறது. கூடவே நீயும்.

நீ முதல் முறை கிணத்துக்கடவுக்கு வந்ததும் இதே நாளில்தான். போத்தனூரில் உங்கள் வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும். காப்பு உனக்குப் புதிது. அம்மா ஒரு கூடைக் கொத்துகளைக் கொடுத்து, கூரையில், தொழுவத்தில், மோட்டார் அறையில் செருகிவரச் சொன்னாள். எல்லாம் முடித்துவிட்டு, மிஞ்சிய ஒன்றை என் பின்னலில் செருகினாய்.

“ஆளுக்கெல்லாம் வெக்கமாட்டாங்க கண்ணு. ஊட்டுக்குத்தான் காப்பு.”

“அப்ப இவளுக்கு யாருங்கம்மா காவல்?”

அம்மா சிரித்த சிரிப்பில் தொழுவத்து மாடு திரும்பிப் பார்த்தது.

அந்தத் தவறிலிருந்துதான் நாவல் பிறந்தது. பதினாறு வயது மந்திரக்காரிகள் நால்வர். மார்கழிப் பனிக்காரி, பங்குனி வெயில்காரி, ஆடிக்காற்றுக்காரி, ஐப்பசி மழைக்காரி. ஒருத்தி போகும்போது அடுத்தவளின் பின்னலில் கொத்தைச் செருக வேண்டும். அப்போதுதான் அடுத்த பருவம் ஊருக்குள் வரும்.

கல்லூரிக்குப் போகும் ரயிலில் எழுதினோம். நான் கிணத்துக்கடவிலேயே ஏறி இடம் பிடித்திருப்பேன். போத்தனூரில் நீ ஏற வேண்டும். ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. பாதிப் பின்னல், வாயில் ரப்பர் பேண்ட், நடைமேடை நெடுக ஓட்டம். அங்கிருந்து கோவைக்குச் சில நிமிடங்கள்தான்; அதற்குள் ஓர் அத்தியாயம். அதனால்தான் நம் அத்தியாயங்கள் அவ்வளவு சிறியவை. விமர்சகர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

முடிவில்தான் சண்டை. ஆடிக்காற்றுக்காரி செத்தால் கனமாக இருக்கும் என்றேன்.

“ஏனுங்க எழுத்தாளர் அம்மணி, ஆராச்சும் செத்தாத்தான் உங்களுக்கு இலக்கியமா?”

“அதுக்கில்லடி…”

“அவளைக் கொன்னுபோட்டீன்னா ஆடியில காத்தாலையெல்லாம் எப்படிடி சுத்தும்? கரண்டுக்கு நீ பதில் சொல்லுவியா?”

எதிர் இருக்கைக்காரர் பேப்பருக்குப் பின்னால் குலுங்கினார்.

சண்டை முடியாமலே நீ போய்விட்டாய். காய்ச்சல் என்றார்கள். ஒரே வாரம். மறுத்துப் பேச ஆளில்லாமல் நான் ஜெயித்துவிட்டேன். நான்கு பக்கச் சாவு. அழகான வாக்கியங்கள். இன்று படித்துப் பார்த்தேன். அவற்றில் ஒரு சிரிப்பு இல்லை. நீ இல்லை.

சற்றுமுன் அம்மா ஜன்னல் கம்பிக்குள் ஒரு கொத்தை நீட்டினாள்.

“ஒண்ணு சேத்திக் கட்டிப்போட்டேன் கண்ணு. அந்தப் புள்ள இருந்தா உம்பட தலையில வெச்சிருக்கும்.”

செருகிக்கொண்டேன். நான்கு பக்கங்களையும் அழித்தேன்.

இப்போது இப்படி: ஆனி முடிந்துவிட்டது. ஓர் இலைகூட அசையவில்லை. காற்றாலைகள் நிற்கின்றன. மூன்று மந்திரக்காரிகளும் ஊர் எல்லையில் கொத்தோடு காத்திருக்கிறார்கள், அவளைத் திட்டிக்கொண்டே. தூரத்தில் புழுதி. ஒருத்தி ஓடிவருகிறாள். பாதிப் பின்னல். வாயில் ரப்பர் பேண்ட்.

அனுப்பிவிட்டேன். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குக் காப்பு வைக்கப் போனேன்.