அக்கா போட்ட பூட்டு

மார்ச் 3

மதியம் மாடியறைக்குப் போனபோது நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. அக்கா இப்போதுதான் கீழே தன் வீட்டுக்கு இறங்கியிருக்கிறாள். காலை அவளுக்கு, மதியம் எனக்கு, ஒரே கம்ப்யூட்டர். முன்பெல்லாம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் சோப்பு உறை, ஜாம் லேபிள் எல்லாம் வரைவோம். எனக்கு வெளியூர் கார்ட்டூன் கம்பெனியில் வேலை கிடைத்ததைச் சொன்ன நாளிலிருந்து இந்த ஏற்பாடு.

"போயேன். உன் கையைப் பிடிச்சா இழுக்கறேன்?" என்றாள். அதோடு பேச்சு நின்றது. என்னை 'வாலு' என்று கூப்பிடுவதும் நின்றது.

பதினைந்தாம் தேதிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். இவள் வாய் திறக்காமல் நான் எப்படிப் போவது?

மார்ச் 5

கடைசியாக எடுத்த கருவியோடுதான் வரையும் மென்பொருள் மறுபடி திறக்கிறது. நேற்று, நிறத்தைத் தொட்டு எடுக்கும் சொட்டுக்குழாய் ஐகான். இன்று, படத்தை நகர்த்தும் கை. எனக்கு ஏதோ சொல்கிறாளோ? அந்தக் கை, வா என்கிறதா, போ என்கிறதா? பைத்தியம்தான் எனக்கு.

கிளம்பும்போது பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு வந்தேன். கொஞ்சம் கிட்ட வந்து பாரேன் என்னை.

மார்ச் 6

கனவு. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்னக் கண் ஐகான். தொட்டால் வீடு மறையும், மறுபடி தொட்டால் வரும். மளிகைக் கடையை மறைத்தேன் — பின்னால் வெறும் நீலம். அக்கா வீட்டுக் கண்ணைத் தொடப் பயந்து விரலை மடக்கிக்கொண்டு நின்றேன். விழித்தபோதும் விரல் மடங்கியே இருந்தது.

மார்ச் 9

எலுமிச்சை சோப்பு உறையைத் திறந்தால், ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த எல்லா அடுக்கிலும் பூட்டு ஐகான். பழம், இலை, எழுத்து, எல்லாவற்றிலும். வழக்கம்போல ஓர் அடுக்குக்கும் பேர் வைக்கவில்லை, பூட்டு மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறாள். ஒரு கிளிக்கில் திறக்கலாம். ஆனா நான் ஏன் திறக்கணும்? இத்தனை வருஷத்துல என் கை பட்டு எது கெட்டுப்போச்சு? போறவதானேன்னு ஒதுக்கிட்டாளா? அழுகையா வருது.

அம்மாவிடம் சொன்னேன். "வாய் எதுக்குடி இருக்கு, சாப்பிட மட்டுமா? படத்தைக் காட்டிப் பேசிக்கறீங்க ரெண்டு பேரும்!"

மார்ச் 10

அழிப்பானை எடுத்து வைத்துவிட்டு வந்தேன். வீம்புதான்.

மார்ச் 11

வருகிறேன் என்று கம்பெனிக்குச் சொல்லியாகிவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டுமே, ஏன் இல்லை?

மார்ச் 12

அச்சகக்காரர் போன் பண்ணி, உறையில் முகவரியை மாற்றி உடனே அனுப்பச் சொன்னார். காலையிலேயே போக வேண்டியதாயிற்று.

கதவு திறந்திருந்தது. அக்கா இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி ஓர் இலை வரைந்துகொண்டிருந்தாள். கோடு நெளிந்தது. வளைந்து திரும்பும் அம்பு ஐகானை அழுத்தி அழித்தாள். மறுபடி வரைந்தாள், மறுபடி நெளிந்தது. ஒருவழியாக இலை சரியாக வந்ததும், சட்டென்று பூட்டைப் போட்டாள். தன் கை பட்டு அது கெட்டுவிடாமலிருக்க.

நான் உள்ளே போனேன்.

"எத்தனை நாளாக்கா?"

அவள் திரும்பவில்லை. "சொன்னா நீ போகமாட்டே."

"டாக்டர்கிட்ட?"

"காட்டியாச்சு. உயிருக்கு ஒண்ணுமில்லையாம். நடுக்கம் மட்டும் போகாதாம்."

"நீ எடுத்து வச்ச கை, சொட்டுக்குழாய் எல்லாம் எனக்குச் சேதின்னு நெனச்சேன்."

"லூசு! நடுங்கற கைக்கு அதுங்கதாண்டி சுலபம்." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனா நீ அழிப்பானை வச்சிட்டுப் போனியே, அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்கலை."

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கோடு போட்டேன், அவள் நிறம் போட்டாள். தோள் இடித்தது. முகவரியை மாற்ற மறந்தே போனோம். அச்சகக்காரரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன்.

மார்ச் 13

"நான் போகலைன்னு சொல்லிடறேன்" என்றேன். "சொல்லித்தான் பாரேன், காலை உடைக்கறேன்" என்றாள்.

மார்ச் 29

ரயில். வெளியே வயலும் இல்லாத, ஊரும் இல்லாத ஒரு வெளி. மனதுக்குள் சொட்டுக்குழாயை எடுத்து வானத்தைத் தொட்டுப் பார்த்தேன். சாம்பலில் கொஞ்சம் பழுத்த மஞ்சள். அக்காவாக இருந்தால் மஞ்சளை இன்னும் கொஞ்சம் குறைப்பாள்.

ஏப்ரல் 12

ஞாயிற்றுக்கிழமை. புது அறையில் வெயில் கட்டில் வரைக்கும் வருகிறது. அக்காவிடமிருந்து மெயிலில் ஜாம் லேபிள் வந்திருக்கிறது. கோடே இல்லாமல் வெறும் நிறத் திட்டுகளாகப் பழங்கள், தூக்கத்தில் பார்ப்பதைப்போல. எல்லாம் பூட்டியிருக்கின்றன.

மேலே ஓர் அடுக்கு மட்டும் காலி. பூட்டு திறந்திருக்கிறது. அதற்கு மட்டும் பேர் வைத்திருக்கிறாள்: வாலு.

பேனா ஐகானை எடுத்தேன். இலையிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.