நாலாயிரம் இல்லை, ஐயாயிரம்

புதன், இரவு.

மதியம் மழைமேகம் வாளையார் மலையை மூடியிருந்தது. கருவிகளை மட்டும் நம்பி இறங்கிக்கொண்டிருந்த விமானத்துக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நான்தான் உத்தரவு கொடுத்தேன்: ஐயாயிரம் அடி, அதற்குக் கீழே வேண்டாம். கேப்டன் நாலாயிரம் என்று திருப்பிச் சொன்னார். திருத்தினேன். கேட்டது என்பதற்கு "ரோஜர்" என்றார், எண்ணைச் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். காதில் விழுந்தது என்று எரிந்து விழுந்தார். திரையில் விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. எத்தனை அடி என்று சொல்லுங்கள் என்று குரலை உயர்த்தினேன். பிறகு, "ஐயாயிரம்." இந்த முறை குரலில் எரிச்சல் இல்லை.

தரையிறங்கியதும், நான் கத்தியதாகப் புகார் கொடுத்துவிட்டார். மேலதிகாரி கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஒரு சாரி சொல்லிட்டா முடிஞ்சு போச்சுங்களே."

"சொல்ல மாட்டேனுங்க சார். பேசுனதெல்லாம் பதிவாயிருக்குது. போட்டுக் கேட்டுட்டு அப்பறம் சொல்லுங்க."

அவர் போட்டுக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் கணவரும் அதையே சொல்கிறார். "எதுக்கு வம்பு? நாளைக்குச் சொல்லிரு." அவருக்கும் அதே பதில்தான். வேண்டுமானால் என்னை வேறு ஊருக்கு மாற்றட்டும். அங்கேயும் எண்ணைச் சொல்லும்வரை கேட்பேன்.

அந்த விமானத்தில் வந்தவர்கள் இந்நேரம் அவரவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பரவாயில்லை.