நேர்ந்துவிட்ட சேவல்

நேற்றைய மழையில் துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்குள்ளேயே கொடி கட்டலாம் என்று சலவை இயந்திரத்துக்குப் பின்னால் கிடந்த பழைய துணிக்கூடையை இழுத்தேன். குப்பென்று ஈர இறகு நாற்றம். எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவியிருப்பேன்! உன் கோழிகள் அதைவிட்டுப் போவதாக இல்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். பின்வேலிக்கு அந்தப் பக்கம் நீ இல்லையே என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

உன் சேவலோடு எனக்கு என்ன பகை என்று உனக்குத் தெரியும். மார்பில் ஆப்பரேஷன் முடிந்து, பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடைக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். பாவி, விடியும் முன்பே என் ஜன்னலுக்கு நேராக வந்து நின்று கூவும். "அதப் புடிச்சு சூப்பு வையேன், எனக்கும் தெம்பு வரும்லா" என்பேன். நீ எதற்கும் வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள். அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் முருங்கைக் கீரையை வேலிமேல் நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவாய். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் அந்த வெள்ளம். கிள்ளான்காரர்களுக்கு வெள்ளம் புதிதில்லை என்று நாம் இருவரும் அலட்சியமாகத்தான் இருந்தோம். லோங்காங் என்கிற தெருச் சாக்கடை நிரம்பும், வாசல்வரை வரும், வடிந்துவிடும். அன்று வடியவில்லை. தனியாக இருக்கப் பயந்து உன் வீட்டுக்கு நான் வந்தபோது முழங்காலுக்குத் தண்ணீர். நீ சாப்பாட்டு மேசைமேல் கோழிகளை வரிசையாக நிறுத்தி, கறுப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த நாய்க்கு ஏற்கெனவே கண் தெரியாது.

உதவி செய்யலாம் என்று நான் ஒரு சணலை எடுத்துச் சேவலின் காலைக் கட்ட ஆரம்பித்தேன். கோயிலுக்குக் கொண்டுபோகும்போது அப்படித்தானே கட்டுவார்கள், வேறெப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியாது.

"அடியே, அவுத்து விடு! படகு கவுந்தா அது எப்படி நீந்தும்?"

"நீ மட்டும் நீந்துவியா?"

"என்ன விடு. அத அவுத்து விடு முதல்ல."

நான் துணிமணியோடு கொண்டுவந்த இந்தத் துணிக்கூடையில்தான் கோழிகளை ஏற்றினோம். மேலே உன் கைலியைப் போர்த்தியதும், இருட்டிவிட்டது என்று நினைத்து எல்லாம் அடங்கிவிட்டன.

படகு வந்தது. தாடி வைத்த ஒரு மலாய்க்காரர், ஊருக்கு உதவ சொந்தப் படகோடு வந்தவர். என்னைக் கைபிடித்து ஏற்றினார். கூடையையும் நாயையும் பார்த்ததும் தலையசைத்தார். ஆட்கள் மட்டும்தான், பிராணிகளை அப்புறம் பார்க்கலாம் என்று மரியாதையாகத்தான் சொன்னார். நீ மறுபடியும் மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய். "அப்ப நானும் அப்புறமா வரேன்" என்றாய்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! தண்ணீர் மேசை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு சேவலுக்காகச் சாகப் போறியா? பாசார்ல புதுசா வாங்கித் தரேன், ஏறுடி!"

"வாங்கலாம்லா. ஆனா இது நேர்ந்து விட்டது."

"யாருக்கு நேர்ந்த? ஒன் மகனுக்கா?"

"ஒனக்குத்தான். ஒன் ஆப்பரேஷனுக்கு. முனீஸ்வரர்கிட்ட சொல்லிட்டேன். இது தண்ணில போச்சுன்னா அவருக்கு யாரு பதில் சொல்றது, நீயா?"

நேர்த்தி, வேண்டுதல் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று என்னால் படகில் உட்கார முடியவில்லை. சேவலை நினைத்து இல்லை. எனக்காகக் கேட்டதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒருத்தி தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு யார் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்? படகிலிருந்து நான் இறங்கிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஓட்டை மலாயில் அவரிடம் சொன்னேன்: எனக்கு நோய், இவள் சாமியிடம் கேட்டாள், குணமானால் இந்தக் கோழியைத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

அவர் கூடையை எட்டிப் பார்த்தார். பிறகு, "நஸாரா, காக்?" என்று கேட்டார். நஸார் என்பது நேர்த்திக்கடனுக்கு அவர்கள் சொல்லும் சொல், காக் என்றால் அக்கா. நீ தலையாட்டினாய். நஸார் என்றால் விளையாட்டில்லை என்று சொல்லிக்கொண்டே அவரே கூடையைத் தூக்கி நடுவில் வைத்தார். கறுப்பியை என் துண்டால் சுற்றினாய். ஈர நாய் மேலே படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம்; அதை முன்பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு அவர் பின்பக்கம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். சேவலை மட்டும் கூவாமல் வரச் சொல்லுங்கள் என்று சிரித்தார்.

அது எங்கே கேட்டது? நிவாரண மையமாக இருந்த பள்ளிக்கூடத்தின் சைக்கிள் கொட்டகையில் இருந்துகொண்டு, களைத்துப்போய்த் தூங்கிய மண்டபம் முழுவதையும் எழுப்பிவிட்டது. "யாரு கோழி இது?" என்று ஒரு அண்ணன் கத்தினார். நாம் இருவரும் போர்வைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தோம்.

வெள்ளம் வடிந்ததும் வேண்டுதலை முடித்துவிடலாம் என்றேன். "டாக்டர் முழுசா விடட்டும். அரைகுறையா செய்யக்கூடாது" என்றாய். ஒவ்வொரு செக்கப்புக்கும் வேலியோரம் காத்திருப்பாய். இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்பேன். நான் தேறாமல் இருக்க உன் சேவல்தான் வேண்டிக்கொள்கிறது என்று சொல்லிச் சிரிப்போம்.

போன வருடம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. சுபாங் ஜெயாவிலிருந்து வந்த உன் மகன் பெட்டைகளை யாருக்கோ கொடுத்தான், கறுப்பியைத் தன்னோடு கூட்டிக்கொண்டான். "ஆன்டி, இந்தச் சேவல என்ன பண்ண?" என்று கேட்டான். நான் வாங்கிக்கொண்டேன்.

சென்ற மாதம் டாக்டர் சொல்லிவிட்டார், இனி வரவேண்டாமாம். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடினேன். உன் வீட்டில் இப்போது வேறு குடும்பம். அந்தப் பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். "என்னாச்சுக்கா?" என்று அவள் பயந்துபோனாள். நல்ல செய்திதான் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையே சேவலைத் தூக்கிக்கொண்டு முனீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். காலைக் கட்டவில்லை. வெட்டவா, உயிரோடு விடவா என்று பூசாரி கேட்டார். விடச் சொன்னேன். இறக்கிவிட்டதும், இத்தனை வருடம் அங்கேயே இருந்ததுபோல வேப்பமரத்தடிக்கு நடந்து போனது. அர்ச்சனை யார் பேருக்கு என்றார். உயிரோடு இல்லாதவர்களுக்கு அர்ச்சனை செய்யமாட்டார்கள், எனக்குத் தெரியும்.

உன் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார், ரோகிணி என்றேன். நீ இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.