வெளியே இருந்த தாழ்ப்பாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் கிடங்கு மேனேஜர் என்னை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். மூன்று வருடத்தில் முதல்முறை, அப்போதே உறுத்தியது.

“உன்ன சூப்பர்வைசர் ஆக்குறேன். இங்கயே தனி ரூம். பாஸ்போர்ட்ட மட்டும் எங்கிட்ட குடுத்துடு.”

“முன்னாடி இருந்த சூப்பர்வைசர் எங்க சார்?” என்று கேட்டேன்.

“ஊருக்குப் போயிட்டான்.”

அறையைப் போய்ப் பார்த்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடியும் மாத்திரை டப்பாவும் அங்கேயே கிடந்தன. கதவுக்கு வெளிப்பக்கம் மட்டுமே தாழ்ப்பாள். வேண்டாம் என்றேன், வேலை போயிற்று. அவரைத் தேடச் சொல்லி போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது நண்பன் அறையில் தங்கி, இஷ்டப்பட்ட தெருவில் நடக்கிறேன். சுகமாகவும் இருக்கிறது, அடிக்கடி திரும்பியும் பார்த்துக்கொள்கிறேன்.

என் டிப்ளமோ சான்றிதழை அனுப்புங்கள். கூடவே அம்மாவை ரெண்டு வரி எழுதச் சொல்லுங்கள். தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். என் விலாசத்தை யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகன்