துண்டில் வந்த கட்டி

3-2-1966, வியாழன். வளவனூர்

காலையில் மறுபடியும் தலைவலி. வலது கையிலிருந்து காப்பி டம்ளர் தானாக விழுந்தது. "டம்ளர் மேல என்னங்க கோவம்?" என்றாள் கிருஷ்ணவேணி. என் பெண்டாட்டிக்கு எல்லாம் கோபமாகத்தான் தெரியும். விழுப்புரம் டாக்டர் மெட்ராஸுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

9-2, புதன். மெட்ராஸ்

துணைக்கு வந்திருப்பது மச்சான் சுப்பராயலு, கிருஷ்ணவேணியின் தம்பி, திண்டிவனத்துக்காரன். வாய் மூடாத ஜன்மம்.

கையில் அணு மருந்து ஊசி போட்டார்கள். மூளையில் கட்டி இருந்தால் மருந்து அங்கே போய்ச் சேருமாம். நாளைக்கு ஒரு மிஷின் அந்த இடத்தைக் காகிதத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டுமாம்.

"ஜப்பான்ல போட்டாங்களே, அதுங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு மச்சான் பாயை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனான். கோழைப் பயல்.

10-2

மிஷின் என் மண்டைக்கு மேலே ஏர் ஓட்டுவதுபோல் போய்ப் போய்த் திரும்பியது. காகிதத்தில் வலது காதுக்கு மேலே ஒரே கறுப்பு. டாக்டர் முகம் சுருங்கிவிட்டது. "வலது கையில பிடி இல்லன்னா கட்டி இடது பக்கம் இல்ல இருக்கணும்?" என்றார். என்னைக் கேட்டால்? எனக்குத் தெரிந்தது கரும்பு.

பயமா இருக்கு. செத்துருவனா?

11-2

நர்சம்மா கையில் ஒரு சின்னக் கருவி. அணு மருந்து இருக்கும் இடத்தில் கடகடக்கும். என் கிட்டே வந்ததும் கத்தியது — என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்து! ஊசி போடும்போது கையில் சிந்திய மருந்தைத் துண்டால் துடைத்தேன். ராத்திரி அதே துண்டைத் தலைவலிக்கு இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தேன். பின்னே துண்டு எதுக்கு இருக்கு? மருந்து வலது பக்க முடியில் ஒட்டிக்கொண்டதாம். துண்டைத் தேடி என் மண்டையைத் திறந்திருப்பார்கள்!

டாக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துண்டை ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். "துண்டுக்கு ஜாமீன் உண்டுங்களா?" என்றான் சுப்பராயலு. தலையைச் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்து மறுபடி படம். வலது பக்கம் சுத்தம்.

அந்தப் பெரிய கறுப்பு போனதும் இடது பக்கம் சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்குக் கறுப்பு தெரிந்தது. மச்சான் பாயை மறுபடி என் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டான். "மேலாகத்தான் இருக்கு, எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

17-2

நாளை ஆபரேஷன். மொட்டை அடித்தாயிற்று. "திருப்பதி வேண்டுதல்ல இத்தக் கழிச்சிக்கலாமா மாமா?" என்றான் சுப்பராயலு. ஊரிலிருந்து வந்த கிருஷ்ணவேணி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் வெளியே போய் அழுதாள். எனக்குக் கேட்டது.

14-3, திங்கள்

ஊருக்குப் பஸ். திண்டிவனம் தாண்டியதும் ஒரு குலுக்கல். கிருஷ்ணவேணியின் கையைப் பிடித்தேன், வலது கையால்.

"விடுங்க, தம்பி பாக்குறான். இந்தப் பிடி பிடிச்சா வளையல் ஒடஞ்சிடும்" என்றாள்.

விடவில்லை.