புதன்கிழமை விமானம்

அன்பு மகள் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பாதியில் நீ புகுந்துவிடுவாய், அதனால் கடிதம். சனிக்கிழமை டிக்கெட் கடையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான், உன் அப்பா, உன் அண்ணன், அண்ணி, கம்ப்யூட்டர் முன்னால் டிக்கெட்காரப் பெண், அப்புறம் ஜெராக்ஸ் எடுக்க வந்துவிட்டு வேலை முடிந்தும் போகாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த மீசைக்காரர் ஒருவர். அவ்வளவுதான்.

நீயும் உன் அண்ணனும் சேர்ந்து பேசி இங்கிருந்து உன் ஊருக்கு ஒரே டிக்கெட் என்று முடிவு பண்ணியிருந்தீர்கள், சரி. ஆனால் எனக்கு சக்கர நாற்காலி கேட்டு எழுதச் சொன்னது யார்? நடக்கிற மனுஷிக்கு எதற்கடா நாற்காலி என்றேன். "உனக்கு பாஷை தெரியாதில்லம்மா, நாற்காலில உக்காந்துட்டா அவங்களே தள்ளிட்டுப் போய் அடுத்த விமானத்துல ஏத்திடுவாங்க, எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்கிறான். வாய்க்குத் தெரியாததற்குக் காலை முடமாக்குவதா, நல்ல நியாயம். மீசைக்காரர் வேறு, "நான்கூட அப்படித்தாம்மா போனேன், ராஜா மாதிரி" என்றார். உங்களுக்குக் கால் வலியா என்று கேட்டேன், இல்லை என்றார். வெட்கமாவது இருந்ததா என்றேன், ஜெராக்ஸ் தாள்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். நாற்காலியை அழிக்கச் சொல்லிவிட்டேன்.

விஷயம் அதுவல்ல. அந்தப் பெண் தேதியைக் காட்டி, "பாட்டி, விமானம் புதன்கிழமைன்னு போட்டிருக்கும், அதை நம்பி புதன்கிழமை ராத்திரி வந்துடாதீங்க. பன்னெண்டு மணி தாண்டினதும் தேதி மாறிடும். செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிட்டதும் நீங்க ஏர்போர்ட்ல இருக்கணும்" என்றாள். பாட்டி என்று கூப்பிட்டதை ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லு என்றேன். சொன்னாள். மறுபடி சொல்லு என்றேன். "முதல் தரம் போறவங்க நெறைய பேர் இதுலதான் ஏமாந்துடறாங்க பாட்டி" என்றாள்.  உன் சித்தி வெளிநாடு போன நாள் நினைவுக்கு வந்துவிட்டது சிட்டு.

பதினொரு வருஷமாக நான் அவளோடு ஏன் பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். புதன்கிழமை ராத்திரி விமானம் என்று சொன்னாள், டிக்கெட்டிலும் புதன் என்றுதான் இருந்தது, நானே பார்த்தேன். அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, டப்பாவில் போட்டு, சூடு ஆறாமல் துண்டைச் சுற்றி, அவளுக்காகப் பின்னிய நீல ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு புதன்கிழமை சாயங்காலம் விமான நிலையத்துக்குப் போனால், அந்த விமானம் நேற்று ராத்திரியே போய்விட்டது என்றான் வாசலில் நின்ற காவல்காரன். அக்கா அழுவாள், அந்தத் தொல்லை வேண்டாம் என்று வேண்டுமென்றே நாளை மாற்றிச் சொல்லிவிட்டுப் போனாள் என்று அங்கேயே முடிவு கட்டினேன். அவள் போன் வந்தால் வைத்தேன். அவள் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போனேன். உன் கல்யாணத்துக்கே கூப்பிடவில்லை, நீ மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாய், அன்று என்ன கலர் புடவை கட்டியிருந்தாய் என்பது வரைக்கும் சொல்லுவேன். அவளும் இதே மாதிரி தேதியில் ஏமாந்துதான் போனாளா? கேட்க ஆளில்லாமல் நான்தான் கதவைச் சாத்திக்கொண்டேனே.

அங்கேயே, கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இந்த டிக்கெட் வேண்டாம், என் தங்கச்சி ஊர் வழியாகப் போடு என்றேன். அண்ணிக்கு விக்கல் வந்துவிட்டது. அண்ணன், "அம்மா, அது சுத்துவழி, தனியா மூணு நாடு தாண்டறது விளையாட்டில்ல" என்று ஆரம்பித்தான். உன் அப்பா, "எதுக்கு இப்ப அங்கெல்லாம், நேரா பேத்தியப் பாக்கப் போயேன்" என்றார். எதற்கும் வாய் திறக்காத மனுஷன் அப்படி அவசரமாகச் சொன்னதும் எனக்குப் பொறி தட்டிற்று, ஆனால் கடையில் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவருக்குக் காப்பி கொடுத்து, எதிரே உட்கார்ந்து, உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். காப்பியைத் தொடாமல் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி சித்தி இவருக்குப் போன் செய்திருக்கிறாள். "அத்தான், நாளைக்கு இல்லையாம், இன்னைக்கேவாம், இங்க வாசல்ல வண்டி வந்து நிக்குது, அக்காவ எழுப்புங்க, ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்" என்று அழுதாளாம். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ரெண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வந்து அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தேனாம், எழுப்ப மனசு வரவில்லையாம். சரி, விடிந்ததும் சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ பாடிக்கிட்டே சமைச்சிட்டிருந்தே, சொல்ல வாய் வரல" என்றார். சிட்டு, நான் அந்த டப்பாவோடு விமான நிலையத்தில் நின்றபோது உன் அப்பா என் பக்கத்தில்தான் நின்றார், ஸ்வெட்டர் வைத்திருந்த பையைக்கூட அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர், ஒரு பஸ் பத்து நிமிஷம் முந்திப் போனால் மெமோ கொடுத்தவர்.

அன்றைக்கே சித்திக்குப் போன் போட்டேன். நம்பர் எப்படித் தெரியும் என்று கேட்காதே, எத்தனை தரம் வைத்திருக்கிறேன், மனப்பாடம். எடுத்தாள். நான்தான் என்றேன்.  அப்புறம், "என்னக்கா, இப்பத்தான் எழுந்தியா?" என்றாள். அத்தான் எழுப்பியும், அவள் போகிற கோபத்தில் நான் எழுந்து வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். உன் அப்பா என்னை எழுப்பவே இல்லை என்று சொன்னேன், அதற்கப்புறம் ரெண்டு பேருக்கும் போனை வைக்கக் கை வரவில்லை. அண்ணி ரெண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இப்போது வழியைக் கேட்டுக்கொள். முதலில் சித்தியின் நாடு, அங்கே பத்து நாள். அங்கிருந்து ரயிலில் எல்லை தாண்டிப் பக்கத்து நாடு, ஒரு ராத்திரி தங்கல். அங்கிருந்து உன் ஊருக்கு நேர் விமானம் இருக்கிறது. சித்தி நாட்டு விசா வரத்தான் நாளாகுமாம், அதனால் அதை முதலில் போடுகிறோம், அவள் அழைப்புக் கடிதம் அனுப்பிவிட்டாள். நடுவில் இருக்கிற நாட்டுக்கும் தனி விசா வேண்டும், ஒரு ராத்திரிதானே என்று விட்டுவிட முடியாதாம். எல்லையில் எல்லோரும் பெட்டியோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டுமாம், அதனால் நானே தூக்குகிற கனத்துக்குமேல் எடுக்க மாட்டேன், நீ கேட்ட இரும்புச் சட்டிக்கு இடமில்லை, கோபித்துக்கொள்ளாதே. முந்தாநாள் ஒத்திகை பார்க்க பஸ் ஏறித் தனியாக விமான நிலையம் போனேன், எங்கே உள்ளே விடுகிறார்கள், எங்கே பெட்டி போடுகிறார்கள் என்று கண்ணாடி வழியாகவே பார்த்தேன், தெரியாததை, தமிழ் தெரியாத காவல்காரரிடம் சைகையில் கேட்டேன், யாரும் கடித்துத் தின்னவில்லை. பாஷை தெரியாதவள்தான், திக்குத் தெரியாதவள் இல்லை. பத்து நாள் தள்ளி வருவேன் என்று உனக்கு வருத்தமாக இருக்கும், எனக்குத் தெரியும். பேத்தியை மடியில் போட்டுக்கொள்ள எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் மனசில் இதை வைத்துக்கொண்டு அவளைத் தூக்கினால் கை சரியாக வராது. வேண்டாம் என்று சொல்லிவிடாதே கண்ணு.

குழந்தைக்குத் தலை நனைந்தால் உடனே துவட்டு. நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாயாம், மாப்பிள்ளை சொன்னார், உட்கார்ந்து சாப்பிடு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தர் முகம் ஒருத்தர் பார்த்துப் பேசிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், இந்தத் தாயின் மனசு எந்நேரமும் அதைத்தான் கேட்கிறது. நான் வந்து சேருகிற தேதியைக் காலண்டரில் குறிக்கும்போது முந்தின ராத்திரியையும் சேர்த்துக் குறித்து வை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்பாய். வேண்டாம், தனியாகத்தான் வருகிறேன். அவர் இங்கே உன் அண்ணனோடு இருக்கட்டும், பிரஷர் மாத்திரை போட்டாரா என்று தினம் ஒரு போன் போட்டுக் கேள், கேட்காவிட்டால் போட மாட்டார். இதை எழுதும்போதுகூட, எனக்கு வாங்கிய பெட்டியின் சக்கரம் சரியாக ஓடுகிறதா என்று கூடத்தில் இழுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கிறார், பாவமாகத்தான் இருக்கிறது. பதினொரு வருஷக் கோபம் சிட்டு, அதைத் தெருவிலா கொட்ட முடியும், ஆளைத்தான் மாற்றியிருக்கிறேன். சித்தியை மன்னிக்க ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. உன் அப்பாவை நான் மன்னிக்க மாட்டேன்.

உன் அம்மா