கழுத்து மூடாத வெங்காயம்

ஜனவரி 20, திங்கள்

காலை வகுப்பில் தொடர்பியல் பேராசிரியை சொன்னார்: "விஞ்ஞானி பாத்து சரின்னு சொல்லாம ஒரு வரிகூட வெளிய போகக் கூடாது. விவசாயி அத நம்பி மருந்தடிப்பாரு, விதைப்பாரு."

மதியம் அதே அறையில் இதழியல் ஆசிரியர், செய்தித்தாள் வேலையிலேயே தலை நரைத்தவர்: "செய்தியில இருக்கிற ஆள்கிட்டயே கட்டுரையக் காட்டி அனுமதி வாங்கினா, அதுக்குப் பேரு கட்டுரை இல்ல. விண்ணப்பம்."

வேளாண் தொடர்பியலும் இதழியலும் ஒரே பட்டம். இரண்டையும் குறித்துக்கொண்டேன். எனக்கு இரண்டும் சரியாகவே பட்டதுதான் தொல்லை. பக்கத்து இருக்கைப் பெண் காதில் கிசுகிசுத்தாள்: "காலைல மாமியார் வீடு, மதியம் அம்மா வீடு மாதிரி இருக்குக்கா." வகுப்பே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறது. அணைக்கும் பொத்தான் கிடையாது. என் மகளைவிடச் சின்னவள். முதல் வாரம் மேடம் என்றாள், இப்போது அக்கா.

ஜனவரி 23, வியாழன்

சமையலறைக் கூடையில், வீட்டுக்காரர் பண்ணையிலிருந்து கொண்டுவந்த வெங்காயத்தில் இன்னொன்று அழுகி அமுங்கியது. அவர் வருவதற்குள் வெளித்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

துறையின் மாத இதழை மாணவர்கள்தான் நடத்துகிறோம். அதற்கு ஒரு விவசாயி அம்மா தொலைபேசியில் பேசினாராம். பல்கலைக்கழகம் கொடுத்த புது வெங்காயம், சேமித்து வைக்கும் பட்டறையில் வைத்த இடத்திலேயே அழுகுகிறது, வந்து பாருங்கள் என்று. இதழியல் ஆசிரியர் அதை ரேடியோவுக்கும் எனக்கும் ஒதுக்கினார்.

"புது ரகம்னா எது அக்கா?" என்றாள் ரேடியோ. எதென்று எனக்குத் தெரியும். அந்த ரகத்தை உருவாக்கியவரோடு தினமும் காலையில் காபி குடிக்கிறேன். சொல்லவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். விதைப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடம் முளைப்பு பார்த்தவள், ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். "இந்த வயசுல உனக்கெதுக்கு இந்தப் படிப்பு?" என்று அவர் கேட்டபோது "நாங்க எழுதிக் கொடுத்த முடிவையெல்லாம் யாரும் படிக்கல. படிக்கிற மாதிரி எழுதக் கத்துக்கறேன்" என்றேன். சிரித்தார். விண்ணப்பத்தை அவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பிப்ரவரி 1, சனி

போய்ப் பார்த்தோம்.

பட்டறை நன்றாகத்தான் இருக்கிறது. தரையிலிருந்து உயர்த்திய தட்டு, பக்கமெல்லாம் கம்பிவலை, மேலே கூரை. ஒரு பாதியில் அவர் ரகம், மறு பாதியில் பழைய ரகம். ஒரே வயல், ஒரே வாரம் பிடுங்கியது. பழையது சலசலவென்று காய்ந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் வாசலிலேயே வாடை.

"மேல பாத்தா தங்கம். கைய விட்டுப் பாருங்க, கூழு" என்றார் அந்த அம்மா. கையை விட்டேன்.

ஒரு பட்டறையை வைத்து எதையும் சொல்ல நான் தயாரில்லை. அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கும் போகலாம் என்றேன். ரேடியோவுக்குக் கால் வலி. எல்லா இடத்திலும் அதே கதை. வெங்காயம் பருத்து அழகாக இருக்கிறது. ஆனால் தாள் முளைக்கும் கழுத்து தடிமன். தாள் காய்ந்த பிறகும் கழுத்து மூடாமல் வாய் திறந்தே நிற்கிறது. அந்த வழியாக அழுகல் இறங்குகிறது.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "அடுத்த விதைப்புக்கும் இதே விதைக்குத்தான் பேரு குடுத்திருக்கேன். இந்த மாசக் கடைசியில விக்க ஆரம்பிக்கறாங்களாம். வாங்கட்டுமா வேணாமா? ஏம்மா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

விசாரித்துச் சொல்கிறோம் என்று பேருந்துக்கு நடந்தோம்.

ரகம் யாருடையது என்று பேருந்தில் ரேடியோவிடம் சொன்னேன். "ஐயோ அக்கா" என்றாள்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆசிரியரிடமும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டே வழி. ஒதுங்கிக்குங்க, அந்தப் பொண்ணு எழுதட்டும். இல்ல, நீங்க எழுதுங்க, கடைசி வரியில யாரோட மனைவின்னு போடுங்க. நடுவுல நின்னு முனகறது மட்டும் வேணாம்."

பேராசிரியை வேறு மாதிரி. "அந்த ரகத்துக்கு உங்க வீட்டுக்காரர்தானே விஞ்ஞானி? அவர் பாத்துட்டா போதும். வீட்டுலயே இருக்காரு, சுலபமாப் போச்சு!" கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னார்.

ஒதுங்கலாமா? ரேடியோ எழுதினால் ஒரே நாளில் அவளைப் பயமுறுத்தித் திருத்த வைத்துவிடுவார்கள். இதுதான் காரணமா, அல்லது நானே எழுத வேண்டும் என்ற ஆசையா? தெரியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

விதிப்படி நடந்துகொண்டேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கட்டுரையை அவர் முன் வைத்தேன். பென்சிலோடு உட்கார்ந்தார். மாணவர் ஆய்வேட்டைத் திருத்துவது போல நிதானமாக.

'அழுகல்' வந்த இடமெல்லாம் 'சேமிப்பு இழப்பு' ஆனது. பழைய ரகம் பக்கத்திலேயே நன்றாக இருந்தது என்ற பத்தியின் மேல் குறுக்கே ஒரு கோடு.

"இது எதுக்கு அடிச்சீங்க?"

"அது ஆய்வு இல்ல. யாரோ ரெண்டு குவியல் போட்டு வெச்சிருக்காங்க."

"ஒரே கூரை, ஒரே வயல். இதவிட நல்ல ஒப்பீடு உங்க பண்ணையில இருக்கா?"

"பண்ணையில ஒண்ணுகூட அழுகல. தெரியுமா உனக்கு?"

"அங்க மின்விசிறி ஓடுதே."

பென்சிலைக் கீழே வைத்தார். "பதிமூணு வருஷம். நீ எழுதப் படிச்சு ஆறு மாசம்."

பண்ணைக் கிடங்கில் சுவர் முழுக்கப் பெரிய விசிறி. ஈரக் கழுத்தும் நாலு நாளில் காய்ந்துவிடும். எந்த விவசாயியிடம் அது இருக்கிறது? அது அவருக்கும் தெரியும். பாத்திரம் கழுவினேன். ஒரு தட்டு உடைந்தது. நானாக உடைக்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

குப்பை எடுக்க வருகிறவர் வரவில்லை. தொட்டி வழிந்தது. அழுத்தி மூடப் போனவள் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பார்த்தேன். நான் போட்டது இல்லை.

மூலை இரண்டையும் உள்ளே மடித்து, நாக்கைச் செருகி, பசை இல்லாமல் நிற்கும்படி — விதை உறை மடிப்பு. கல்யாணமான புதிதில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார், எனக்கு அந்த நாக்கு நிற்கவே நிற்காது. இந்த வீட்டில் அப்படி மடிக்க ஒரே ஒரு ஆளுக்குத்தான் வரும்.

உள்ளே அழுகிய வெங்காயம். அடியில் இன்னொரு பொட்டலம். அதற்கும் அடியில் இன்னொன்று.

அடப்பாவி மனுஷா. எத்தனை நாளா? எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்க, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான். ஒரே கூடை, ஒரே தொட்டி. தெரிஞ்சே தானே அந்தக் கோடு போட்டீங்க? தெரிஞ்சே தானே!

பிப்ரவரி 9, ஞாயிறு

கேட்கவில்லை. நான் எறிந்ததெல்லாம் அவர் மனம் நோகாமல் இருக்க என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் முகத்தை அப்போது பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, புதன்

அழுகலை அழுகல் என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அடித்த பத்தி திரும்ப வந்துவிட்டது. குப்பைத்தொட்டியை எழுதவில்லை. மனைவியாகப் பார்த்ததை நிருபராக விற்க முடியாது. பட்டறைகளே போதும்.

கொடுப்பதற்கு முன் அவரிடம் முறையாகக் கேட்டேன். "விவசாயிகள் இப்படிச் சொல்றாங்க. உங்க பதில் என்ன?"

"இது பேட்டியா?"

"ஆமா."

"கருத்து சொல்ல விரும்பலன்னு போட்டுக்கோ." பிறகு, "காபியில சக்கரை இல்ல."

பேராசிரியை ஏற்க மறுத்தார். ஆசிரியர் விதியை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "விஞ்ஞானி பாக்கணும்னுதானே இருக்கு. எந்த விஞ்ஞானின்னு இல்லையே" என்று தாளைப் பயிர் நோய்ப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒருவர் படித்து, உண்மை சரி, எழுத்தில்தான் வேகம் அதிகம் என்றாராம்.

பிப்ரவரி 21, வெள்ளி

இதழ் வந்துவிட்டது. கட்டுரையின் கடைசி வரி: 'இக்கட்டுரையை எழுதியவர், இந்த ரகத்தை உருவாக்கிய விஞ்ஞானியின் மனைவி. கட்டுரைக்கு அவரிடம் ஒப்புதல் பெறவில்லை.' அச்சில் பார்த்தால் விவாகரத்து அறிவிப்பு போலத்தான் இருக்கிறது.

மாலையே பல்கலைக்கழகத்தின் உத்தரவு: விவசாயிகளின் பட்டறையில் வைத்துப் பார்க்கும்வரை விதை விற்பனை நிறுத்தம். அந்த அம்மா தொலைபேசியில் பேசினார் என்று ரேடியோ குதித்தாள். எனக்குக் குதிக்க வரவில்லை.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். "எங்கூட சண்டை போட இந்தச் சமையல்கட்டு பத்தலையா? ஊரக் கூட்டணுமா?"

மகள் முன்பு இருந்த அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கூடையில் இரண்டு அழுகியிருக்கிறது. நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

மகள் தொலைபேசியில் பேசினாள். "நீ படிக்கப் போனியா, அப்பாவ மாட்டிவிடப் போனியா?" அப்பா சாப்பிடுகிறாரா என்றாள். சாப்பிடுகிறார். பேசுவதுதான் இல்லை. அம்மா சாப்பிடுகிறாளா என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்க வெங்காயம். கூடையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார். வீடெல்லாம் வாடை, ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து இடமும் வலமுமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். சவரம் செய்யாத முகம்.

"இது மூடல" என்றார். என்னிடமா, வெங்காயத்திடமா தெரியவில்லை. "இது மூடியிருக்கு. இதுவும் என் ரகம்தான், ஆனா கழுத்து சன்னம்." கொஞ்ச நேரம் கழித்து, "சன்னமானதத் தனியாப் பொறுக்கி வளத்துப் பாக்கணும். பண்ணையில வெச்சா தெரியாது. அந்த அம்மா பட்டறையில இடம் தருவாங்களா?"

"கேக்கணும்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகியதை நான் எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "இருக்கட்டும். அதுவும் கணக்குல வரணும்."

பிறகு நிமிராமலே, "இத எழுதுவியா?"

"எழுதினா உங்ககிட்ட காட்ட மாட்டேன்."

அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"காட்ட வேணாம்" என்றார்.